தொட்டிக்கட்டு வீட்டைத் தொடுவதற்கு முன்: கொங்கு நாட்டுப் பழைய கட்டடங்களைச் சோதிப்பதும் சீர்செய்வதும்

கொங்கு நாட்டு ஊர்களில் பழைய வீடுகளைக் காலம் கெடுத்ததைவிட ரிப்பேர் கெடுத்தது அதிகம். நூறு வருஷம் நின்ற சுண்ணாம்புச் சுவருக்கு "ஒரு பூச்சு பூசிட்டா புதுசாயிரும்" என்று ஒரு கோடையில் சிமென்ட் பூசுவார்கள். சில மழை போனதும் பூச்சு வீங்கும். அப்புறம் செங்கல்லின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும். உடனே "பழைய சுவருங்க, இதுக்கு மேல தாங்காது" என்று தீர்ப்பு எழுதி, பொக்லைன் வந்துவிடும்.

பாட்டன் கட்டிய தொட்டிக்கட்டு வீடு, அதாவது நடுவில் தொட்டி என்னும் திறந்த முற்றம் உள்ள வீடு, கைக்கு வந்திருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய பஞ்சுக் கிட்டங்கி, ஊர்ச் சத்திரம், ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம் எதுவானாலும் முறை ஒன்றுதான். இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்திருந்து பார்க்கும் பொறுமை வேண்டும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியும்வரை பூச்சுக்கோ வண்ணத்துக்கோ ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காகிதம் முதலில்

பெரும்பாலான பழைய வீடுகளுக்கு ஒரே உரிமையாளர் இருப்பதில்லை. ஆசாரம் (கூடம்) பெரியவர் பங்கு, சமையல்கட்டு சின்னவர் பங்கு, பொடக்காளி (புழக்கடை) மூன்று பேருக்கும் பொது என்று பாகப்பத்திரம் இருக்கும். ஒருவர் மட்டும் கூரையைப் பிரித்தால் அடுத்த வாரமே பஞ்சாயத்து. வில்லங்கச் சான்று, பட்டா, பழைய பத்திரம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பங்காளிகள் எல்லாரையும் ஒருமுறை உட்கார வைத்துப் பேசி, யார் எவ்வளவு போடுகிறார்கள், முடிந்தபின் யார் புழங்குவது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்த இடத்தில் நின்றுபோன வீடுகள்தான் அதிகம்.

பழைய பத்திரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அதில் "ஓட்டு வில்லை வீடு", "மெத்தை வீடு" என்று கட்டடத்தின் வகை எழுதியிருக்கும். நான்கு எல்லை சொல்லும்போது பொதுக் கிணறு, வண்டிப்பாதை, சாக்கடை எல்லாம் வந்துவிடும். இன்று சுவரில் ஏறும் ஈரம், என்றோ மூடிய ஒரு கிணற்றிலிருந்து வருவதாகக்கூட இருக்கலாம்.

வீடு இருக்கும் இடத்தையும் பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010ல் செய்த திருத்தம் இது. நாமக்கல் கோட்டை, சங்ககிரிக் கோட்டை போன்றவற்றின் அடிவாரத்தில் உங்கள் வீடு இருந்தால், பழுது பார்ப்பதற்கும் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். மற்ற இடங்களில் ஊராட்சியிலோ நகராட்சியிலோ போய்க் கேளுங்கள். வாயால் சொன்னதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

வீடு எதனால் ஆனது?

பார்வையிடப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கொங்கு நாட்டில் பொதுவாகக் காண்பது கருங்கல் அடிமானம், அதன்மேல் செம்மண் குழைத்துக் கட்டிய செங்கல் அல்லது மண் சுவர், வெளியே சுண்ணாம்புக் காரை, மேலே பனங்கையோ தேக்கோ போட்ட ஓட்டுக் கூரை. வசதியான வீடுகளில் ஆசாரத்துக்கு மேல் மெட்ராஸ் டெரஸ் போட்ட மெத்தை இருக்கும். அதாவது மரச் சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டையான ஓடு (தட்டோடு) பதித்த தளம்.

வயதைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. சீமை ஓட்டை, அதாவது மங்களூர் ஓட்டை, திருப்பிப் பார்த்தால் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865ல். ஆகவே, "எங்க வீடு இருநூறு வருஷத்து வீடு" என்று சொல்பவர் வீட்டில் சீமை ஓடு இருந்தால், கூரையாவது பின்னாளில் மாற்றியது. மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது 1930களில். அதற்கு முந்தைய வீடென்றால் அநேகமாகச் சுண்ணாம்பும் மண்ணும்தான். அதில் எங்கே சிமென்ட் தெரிந்தாலும் அது பிற்பாடு யாரோ ஒட்டியது, சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய இடம்.

சுவரின் கலவை என்னவென்று தெரிய, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் சிறு துண்டைப் பெயர்த்து எடுங்கள். விரலால் நசுக்கினால் பொடிந்து, நனைத்தால் கரைந்து சேறானால் மண். எளிதில் பொடியாமல், வெள்ளைப் புள்ளிகளோடு இருந்து, காடியில் (வினிகரில்) போட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், ஆணியால் கீறினாலும் கோடு விழாமல் இருந்தால் சிமென்ட். காடியில் சிமென்டும் கொஞ்சம் நுரைக்கும் என்பதால் நிறத்தையும் கடினத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கொங்கு மண்ணில் சுக்காங்கல் என்னும் சுண்ணாம்புக்கல் கலந்த மணலும் உண்டு, அதுவும் நுரைக்கும். ஆக, ஒரே இடத்துத் துண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சுற்றிப் பார்ப்பது, எழுதி வைப்பது

தனியாகப் போகாதீர்கள், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். பாம்பு இருக்கலாம், அட்டாலி என்னும் பரண் பலகை இற்றிருக்கலாம். டார்ச், டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், ஸ்க்ரூடிரைவர், பென்சில், போன் கேமரா போதும். ஓட்டின்மேல் ஏற வேண்டி வந்தால் பலகை போட்டு, ஓட்டைத் தாங்கும் கைமரம் ஓடும் வழியில் மட்டும் கால் வையுங்கள்.

முதலில் ஒரு படம் வரையுங்கள். அளவு பிசகினாலும் பரவாயில்லை. வடக்கு எது என்று குறித்து, ஒவ்வொரு அறைக்கும் எண், ஒவ்வொரு தூணுக்கும் எண், ஒவ்வொரு சுவருக்கும் திசை. இனி எல்லாக் குறிப்பும் "அறை 3, மேற்குச் சுவர், தரையிலிருந்து 4 அடி" என்கிற மாதிரி இருக்க வேண்டும். "உள்ரூம்ல லேசா ஈரம்" என்று எழுதிய குறிப்பு ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேலோ டேப்போ வைத்து எடுங்கள்.

கூரையிலிருந்து தொடங்கி கீழே வாருங்கள், அப்புறம் வெளியே ஒரு சுற்று. தண்ணீர் வருவதும் அதே வழியில்தான் என்பதால், அதன் பின்னாலேயே போவதுபோல் இருக்கும். ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: கண்ணுக்குத் தெரிவது என்ன, அதற்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள். இரண்டையும் கலக்காதீர்கள். "பூச்சு உதிர்ந்திருக்கிறது" என்பது கண்டது. "ஓடு உடைந்ததால்" என்பது யூகம், அது நாளை மாறலாம். பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு புள்ளி வையுங்கள். ஆள்மேல் விழக்கூடியது சிவப்பு, அடுத்த மழைக்குள் கெட்டுப்போகும் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. சிவப்பு இடத்துக்கு அன்றைக்கே முட்டு கொடுங்கள், அல்லது கயிறு கட்டி ஆள் போகாமல் தடுங்கள்.

தண்ணீர்

தொட்டிக்கட்டு வீட்டின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நான்கு பக்கக் கூரையும் உள்முகமாகச் சரிந்து தொட்டியில் தண்ணீரை இறக்குகிறது. இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் கூடல்வாய் இருக்கும், அதற்கு அடியில் தகரம் போட்டிருப்பார்கள். வீட்டின் பாதி மழைநீர் இந்த நான்கு மூலைகள் வழியாகத்தான் இறங்குகிறது. வேப்பிலையும் எலிக்கூடும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தகரத்தைத் தாண்டி உள்ளே வழியும். அதற்கு நேர் கீழே இருக்கும் மூலைத்தூணின் தலையும், அதன்மேல் விட்டத்தைத் தாங்கும் போதிகையும்தான் முதலில் இற்றுப்போகும். தொட்டிக்கட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அந்த நான்கு தூண்களின் தலையைப் பாருங்கள். வீட்டின் நிலைமை பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

தொட்டியிலிருந்து வெளியே போகும் மடையும் முக்கியம். தெருவைப் பல தடவை தார் போட்டும் கான்கிரீட் போட்டும் உயர்த்தியிருப்பார்கள், மடை வாய் இப்போது தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும். மழையில் தண்ணீர் வெளியே போகாமல் தொட்டியிலேயே தேங்கி, அடிமானத்துக்குள் இறங்கும். ஒரு குடம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள்.

ஓதம், அதாவது சுவரில் பிடிக்கும் ஈரம், மூன்று வழியில் வரும். மேலிருந்து ஒழுகுவது மழை பெய்யும்போது மட்டும் தெரியும். அதன் கறை பழுப்பு வளையமாக இருக்கும். பக்கவாட்டில் வருவது குளியலறை, சாக்கடை, பக்கத்து வீட்டுத் தொட்டி எனக் காரணத்தை ஒட்டி ஒரே இடத்தில் திட்டாக நிற்கும், கோடையிலும் காயாது. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவர் நெடுகக் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் நிற்கும், அந்தக் கோட்டில் வெள்ளை உப்பு பூத்திருக்கும். மருந்து மூன்றுக்கும் வேறு வேறு. திண்ணையை ஒட்டி சிமென்ட் தளம் போட்டபின்தான் ஓதம் ஏற ஆரம்பித்தது என்று பல வீட்டில் சொல்வார்கள். அது நிஜம்தான். முன்பு மண் வாசல் வழியே ஆவியாகிப்போன ஈரம், இப்போது போக வழியில்லாமல் சுவரில் ஏறுகிறது. சுவரை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்கு அந்தத் தளத்தை வெட்டி எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு ஆகும் செலவு ஒரு சுவருக்குப் புட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்கும் செலவைவிடக் குறைவு. ஆனாலும் ஆட்கள் பெயிண்ட்தான் அடிக்கிறார்கள்.

பார்க்கச் சரியான காலம் ஐப்பசி, கார்த்திகை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் முக்கிய மழை அப்போதுதான். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலிலும் ஒருமுறை பார்க்க வேண்டும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். மேற்குச் சுவர் மட்டும் கெட்டிருந்தால் காரணம் இதுவாகவே இருக்கும்.

விரிசல்

விரிசலைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், அது இன்னும் நகர்கிறதா என்று கண்டுபிடியுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டிவிடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு கோடையும் ஒரு மழையும் போகட்டும். பல்லடம், சூலூர் பக்கம் கரிசல் மண் உண்டு. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், அதன்மேல் நிற்கும் சுவரும் வருஷம் தவறாமல் கொஞ்சம் அசையும். மழையில் மூடி, கோடையில் திறக்கும் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்தால், அடுத்த விரிசல் பக்கத்திலேயே வரும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலமாகும் விரிசல் அடிமானம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டும். பழைய சுவரும் பின்னால் ஒட்டிக் கட்டிய பாத்ரூம் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக இருக்கும் பிளவு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இரண்டும் தனித்தனியாக உட்காருகின்றன, அவ்வளவுதான். சுவரின் மேல்பகுதியில் கிடையாக ஓடும் விரிசலும், சுவர் வெளியே சாய்ந்திருப்பதும் சேர்ந்து இருந்தால், கூரை சுவரைத் தள்ளுகிறது என்று பொருள். எங்கோ ஒரு விட்டம் இற்றுப்போய்ப் பிடிப்பை விட்டிருக்கும். தூக்குக்குண்டை மேலிருந்து விட்டு, மேலும் கீழும் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சுவர் தெளிவாகச் சாய்ந்திருந்தாலோ, வயிறு தள்ளியிருந்தாலோ, விரிசலில் விரல் போனாலோ, மெத்தைத் தளம் தொங்கினாலோ இதற்கு மேல் நீங்கள் பார்க்க வேண்டாம். பழைய கட்டடத்தில் பழக்கமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். புதுக் கட்டடம் மட்டும் பார்த்துப் பழகியவர் பல நேரம் "இடிச்சிருங்க" என்றுதான் சொல்வார். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்புக்குக் கோவையிலும் கிளை உண்டு, அங்கே விசாரித்தால் பழைய கட்டட அனுபவம் உள்ளவர்களைத் தெரிந்துகொள்ளலாம். 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு சுமார் 6. அதற்கு முன் கட்டிய வீடு உங்களுடையது என்றால், அது அந்த ஆட்டத்தையும் தாங்கி நின்றிருக்கிறது என்பதை இடிக்கச் சொல்பவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

சுவரில் அரசு, ஆல் முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், வேர் கல்லோடு வரும். தண்டை அறுத்து, வெட்டுவாயில் மருந்து வைத்து, வேர் செத்த பிறகு மெதுவாக எடுத்துக் காரையால் அடையுங்கள்.

மரம்

கைமரமும் விட்டமும் நடுவில் கெடுவது அபூர்வம், சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் இற்றுப்போகும். ஸ்க்ரூடிரைவரை அந்த இடத்தில் அழுத்துங்கள். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் பழுது. சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் கரையான் தின்ற மரம் பொத்தென்றும் கேட்கும். சுவரில் மண்குழாய் ஏறியிருக்கிறதா, கீழே மாவு கொட்டியிருக்கிறதா பாருங்கள். மண்குழாய் என்றால் கரையான், மாவு என்றால் வண்டு. கரையானுக்கு மருந்து அடிப்பதற்கு முன்னால் ஈரத்தை நிறுத்துங்கள், வீட்டை ஒட்டிக் கிடக்கும் மரக்கட்டைகளையும் எடுத்துப்போடுங்கள்.

தூணின் அடி ஒரு அடி கெட்டுப்போனால் தூணையே மாற்ற வேண்டாம். கெட்டதை அறுத்து, அதே ஜாதிப் பழைய மரத்தில் ஒட்டுப்போட்டு, கீழே கருங்கல் பாதம் வைக்க அனுபவமுள்ள ஆசாரியால் முடியும். பாதக்கல் வேண்டுமென்றால் கல்வேலைக்குப் பேர்போன திருமுருகன்பூண்டி இங்கேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து இழைத்த தூண்களும் சித்திர வேலைக் கதவுகளும் வாங்கி வந்து கொங்கு வீட்டில் நிறுத்துவது இப்போது ஒரு மோஸ்தராகியிருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. கொங்கு வீடு பெரும்பாலும் ஆடம்பரமில்லாத பண்ணைவீடு. தானியத்துக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் இடம் கொடுத்துக் கட்டியது. அதைச் செட்டிநாட்டு மாளிகையாக வேஷம் கட்டினால் இரண்டும் இல்லாத ஒன்றுதான் மிஞ்சும். எது இருந்தது என்பதற்குச் சான்று இல்லாத இடத்தில் யூகித்துச் சேர்க்காதீர்கள். பழைய சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் இதையேதான் சொல்கிறது: யூகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டும்.

சுண்ணாம்பு

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் திரும்ப விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லை அரிக்கும். சிமென்ட் கடினமானது, உள்ளே இருக்கும் சுவர் மென்மையானது. சுவர் அசையும்போது விட்டுக்கொடுப்பது மென்மையானதுதான். பிளாஸ்டிக் எமல்ஷன், வால் புட்டி இவையும் இதே வேலையைத்தான் செய்யும்.

கல்லாக இருக்கும் சுட்ட சுண்ணாம்பை வாங்குங்கள். கடையில் திறந்து கிடக்கும் தூள் காற்றுப்பட்டுச் செத்திருக்கலாம். தனியாக ஒரு தொட்டியில் தண்ணீர் விட்டுக் கல்லைப் போட்டால் கொதித்துப் பொங்கும், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவி உடனே டாக்டரிடம் போக வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி சில வாரமாவது ஊற விடுங்கள், நாள் ஆக ஆக நல்லது. பூச்சுக்குப் பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். ஈரம் படும் இடமென்றால் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் தூள் சேர்ப்பார்கள். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு சில நாள் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது பழைய வழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும்.

தண்ணீரில் கவனம் வேண்டும். நம் பக்கம் பல ஊரில் போர் தண்ணீர் உப்பு. திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையோரம் சாயக்கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன ஊர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் உப்பை நீங்களே சுவருக்குள் வைத்துப் பூசியதாகிவிடும். ஆற்றுக் குடிநீர் லாரியில் வாங்கியாவது கலவைக்குப் பயன்படுத்துங்கள்.

பூசும் முன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். ஒரு தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முதல் பூச்சு இறுகிய பின் அடுத்தது. வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பத்து நாளாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது, முழுதும் இறுக மாதக்கணக்காகும். கொத்தனார் நடுவில் வந்து, "ஒரு கை சிமென்ட் போட்டாத்தானுங்க புடிக்கும்" என்பார். "வேண்டாங்கண்ணா, லேட்டானாலும் பரவால்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் போட்டுவிடுவார் என்று சந்தேகம் இருந்தால், சிமென்ட் மூட்டையையே வளாகத்துக்குள் விடாதீர்கள்.

ஏற்கெனவே பூசிய சிமென்ட்? தட்டினால் பொள்ளலாகக் கேட்கும் இடங்களை மட்டும் எடுங்கள். கெட்டியாக ஒட்டியிருப்பதை உளி வைத்துப் பெயர்த்தால் செங்கல்லும் வரும். உப்பு ஏறிய அடிச்சுவருக்கு முதலில் மலிவான, மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று போட்டு, அது உப்பை உறிஞ்சிக் கெட்ட பிறகு எடுத்துவிட்டு, அப்புறம் நிலையான பூச்சுப் பூசலாம்.

ஆளும் பணமும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தக் காண்ட்ராக்ட் விடுவது பழைய வீட்டுக்கு ஒத்துவராது. பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததற்கு விலை சொல்பவர் ஒன்று கூட்டிச் சொல்வார் அல்லது வேலையில் குறைப்பார். ஓடு மாற்றுவது போன்ற அளக்கக்கூடிய வேலையைச் சதுரக் கணக்கில் விடுங்கள். காரை வேலையும் மர ஒட்டும் நாள்கூலிக்கு, பொருள் நீங்களே வாங்கிக் கொடுத்து, சனிக்கிழமை சனிக்கிழமை கணக்கு முடித்துவிடுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு தனியாக எடுத்து வையுங்கள். கூரையைப் பிரித்ததும் அது செலவாகிவிடும்.

ஆள் தேடும்போது போட்டோவைப் பார்த்து மயங்காமல், அவர் முடித்து இரண்டு மூன்று மழை பார்த்த ஒரு வேலையைக் காட்டச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டுப் பின்சுவரில் மூன்றுக்கு மூன்று அடி மாதிரி பூசச் சொல்லி ஒரு மாதம் விடுங்கள். அந்தத் துண்டே இனி எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வேலை வரிசை

முட்டு, வடிகால், கூரை, மரம், சுவர், வயரிங், பூச்சு, தரை, வெள்ளையடிப்பு. இந்த வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும். தை பிறந்ததும் தொடங்கினால், ஆடிக்காற்றுக்குள் கூரையை மூடிவிடலாம். கூரை திறந்திருக்கும்போது காற்று வந்துவிட்டால் தார்ப்பாய் நிற்காது. இறவாரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டச் சொல்லுங்கள்.

பழைய ஓட்டை வீசாதீர்கள். பிரஷால் தேய்த்துக் கழுவித் தட்டிப் பார்த்து, நன்றாக ஒலிப்பதை அடுக்குங்கள். புது ஓடும் பழைய ஓடும் அச்சு மாறுவதால் ஒன்றோடொன்று கவ்வாது. நல்ல பழைய ஓடுகளையெல்லாம் ஒரே சரிவில், தெருப் பக்கம் போட்டு, புதியவற்றைப் பின் சரிவில் தனியாகப் போடுவதுதான் வழி. மெத்தைத் தளம் ஒழுகினால் மேலே இன்னொரு தளம் போடாதீர்கள், பாரம் கூடும். பழைய தட்டோட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் ஒரு டன். அதற்குத் தனியாகக் கால் நட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள். வயரிங் முழுக்கப் புதிதாக வேண்டும், ஆனால் சுவரை வெட்டிப் புதைக்காமல் மேலேயே ஓட்டலாம்.

கோயில் திருப்பணி தனி விஷயம். அறநிலையத் துறைக் கோயிலென்றால் துறை அனுமதியும் நிபுணர் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு கல்லையும் தொடக் கூடாது. கும்பாபிஷேகத் தேதி நெருங்குகிறதென்று மணல் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்ய யாராவது யோசனை சொன்னால் எதிர்த்துச் சொல்லுங்கள். கல்லின் மேல்தோலோடு கல்வெட்டு எழுத்தும் போய்விடும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

முடித்த பிறகு

வீட்டில் ஆள் புழங்க வேண்டும். 1892ல் கட்டிய கோவை விக்டோரியா ஹாலில் மாநகராட்சி மன்றம் கூடுவதால்தான் அங்கே யாராவது ஒழுகலைக் கவனிக்கிறார்கள். நீங்கள் வெளியூரில் இருந்தால் ஒரு குடும்பத்தைக் குடிவையுங்கள், வாசகசாலையோ டியூஷனோ நடத்தக் கொடுங்கள். பொள்ளாச்சி, கோபி பக்கம் ஷூட்டிங்குக்கு விடுகிறவர்களும் உண்டு. அப்படி விட்டால் சுவரில் ஆணி அடிப்பது, வண்ணம் மாற்றுவது பற்றி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

புரட்டாசியில் கூடல்வாயைச் சுத்தம் செய்து, மடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, நழுவிய ஓட்டைத் தள்ளி வைக்க ஒரு ஆளுக்கு ஒருநாள் கூலி போதும். அன்றைக்கே பழைய படத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய், பென்சில் கோடுகள் தாண்டியிருக்கின்றனவா என்று பார்த்து, புதுத் தேதி போடுங்கள். வரைபடம், போட்டோ, கலவை அளவு, கொத்தனார் ஆசாரி போன் நம்பர் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும், ஒரு நகல் பங்காளி வீட்டிலும் இருக்கட்டும்.